பூரணக் கொழுக்கட்டை: மேல்மாவு வெடிக்கிறது, பூரணம் ஒழுகுகிறது, என்ன செய்யலாம்?

புதுக்குடித்தனம்:

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளையார் சதுர்த்திக்குத் தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை 21 செய்து படைக்க வேண்டும். நான் எடுக்கும் அளவு இது: பாக்கெட் அரிசி மாவு 1 கப், கொதிக்கிற தண்ணீர் 1 கப், உப்பு ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் 1 டீஸ்பூன். பூரணத்துக்கு ஒரு மூடித் தேங்காய்த் துருவலும் 1 கப் வெல்லமும். மாவில் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, நன்றாக ஆறிய பிறகு பிசைகிறேன்.

பூரணம் வைக்கக் கிண்ணம் போலச் சொப்பு செய்யும்போதே ஓரமெல்லாம் வெடிக்கிறது. ஈரக்கையால் தடவி மூடினாலும் வெந்து வரும்போது உச்சி பிளந்து பாகு தட்டில் வழிந்திருக்கிறது. நன்றாக வந்தவையும் ஒரு மணி நேரத்தில் விறைத்துப்போகின்றன. மாவில் கோளாறா, தண்ணீர் அளவிலா, வேகவைப்பதிலா? முந்தின நாள் ராத்திரியே எதையெல்லாம் செய்து வைக்கலாம்? அன்றைக்குக் காலையில் நேரம் மிகக் குறைவு.

காவிரிக்கரை:

மூன்றுக்கும் காரணம் நீங்கள் கொடுத்த அளவிலேயே தெரிகிறதும்மா. பாக்கெட் மாவு நன்றாகக் காய்ந்த மாவு. அதற்கு 1 கப் தண்ணீர் போதவே போதாது, ஒன்றேகால் கப்பாவது வேண்டும். சில மாவு ஒன்றரை கப் வரை குடிக்கும். ஆறவிட்டுப் பிசைவதும் தப்பு. கை பொறுக்கிற சூட்டில் பிசைந்தால்தான் மாவு இழுவைக்கு வரும். ஒரு மூடித் தேங்காய்க்கு 1 கப் வெல்லம் என்பது வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. அது ஒழுகாமல் இருக்க வழியில்லை.

பாக்கெட் வாங்கும்போது உறையைப் பாருங்கள். சும்மா 'அரிசி மாவு' என்று இருப்பது பெரும்பாலும் முறுக்கு, தட்டைக்கான மாவு. கொஞ்சம் நறநறவென்று இருக்கும், சொப்புக்கு ஒத்துவராது. 'இடியாப்ப மாவு' அல்லது 'கொழுக்கட்டை மாவு' என்று போட்டிருப்பதை வாங்கினால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. வீட்டிலேயே இடிப்பதானால் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்புங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், அரிசி கையில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் மிக்ஸியில் அரைத்து, சன்னச் சல்லடையில் சலித்து, சட்டியில் நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். வறுத்த மாவை விரலிடுக்கில் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழ வேண்டும். அதுதான் பதம்.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு என் பதில் மாவே வேண்டாம் என்பதுதான். அரிசியை அரைத்துக் கிண்டுங்கள். சதுர்த்தி, வரலட்சுமி நோன்பு என்று எதற்கானாலும் நம்பிச் செய்யக்கூடியது இந்த முறை. இதில் வெடிப்பு வருவது மிகவும் அபூர்வம்.

200 மில்லி கப்பால் 1 கப் பச்சரிசி. கழுவி 2 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். இனி சேர்க்கும் தண்ணீர் மொத்தம் 2 கப். முதலில் அரை கப் விட்டு அரைக்கத் தொடங்கி, வெண்ணெய் போல அரைபட்ட பிறகு மீதியையும் கலந்துகொள்ளுங்கள். மிக்ஸியைக் கழுவும் தண்ணீரும் இந்த 2 கப்புக்குள் அடக்கம். விரலால் தேய்த்துப் பார்த்தால் ஒரு குருணைகூடத் தட்டக்கூடாது. அடி கனமான வாணலியில் மாவை ஊற்றி, கால் டீஸ்பூன் உப்பு, 2 டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் கரைத்த பிறகு அடுப்பை மூட்டுங்கள். தீ கடைசி வரை சிறியதாகவே இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் ஆகாதது போலத் தெரியும். அப்போது கையை எடுத்தால் அடியில் கட்டி தட்டிவிடும், அந்தக் கட்டி பிறகு கரையாது. பிறகு திடீரென்று இறுகும். இறுகியதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது, அங்கேதான் மேல்மாவு பச்சை வாடையோடு நிற்கிறது. இன்னும் 3 நிமிடமாவது புரட்டிப் புரட்டிக் கிண்ட வேண்டும். வெள்ளையாக இருந்த மாவு சற்றுக் கண்ணாடி போல மினுங்கி, வாணலியை விட்டு ஒரே உருண்டையாகச் சுருண்டு வரும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாது. அப்போது இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி 5 நிமிடம் வைத்து, கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிசையுங்கள்.

இந்த அளவுக்குச் சிறிய எலுமிச்சை அளவில் 20, 22 கொழுக்கட்டை வரும். உங்களுக்கு வேண்டிய 21-க்கு இதுவே கணக்கு.

சொப்பு செய்ய: உருண்டையை வெடிப்பில்லாமல் வழவழப்பாக உருட்டி, கட்டைவிரலை நடுவில் அழுத்தி, மற்ற விரல்கள் வெளியே சுற்றிவர மெல்ல அகட்டுங்கள். அடிப்பக்கம் ஓட்டையாகிவிடாமல் ஓரத்தை மட்டும் மெலிதாக்க வேண்டும். பூரணம் வைத்து ஓரங்களைக் குவித்து மூடியதும் உச்சியில் மாவு குமிழாகச் சேர்ந்திருக்கும். அதைக் கிள்ளி எடுத்துவிட்டு நுனியைக் கூராக்குங்கள். அப்படியே விட்டால் அந்த இடம் மட்டும் தடித்து வேகாமல் நிற்கும்.

மடப்பள்ளி:

காவிரிக்கரை அம்மா சொன்ன கிண்டும் முறைக்கு என் ஓட்டு. ஏன் அது வெடிப்பதில்லை என்று தெரிந்தால் பாக்கெட் மாவிலும் அதே பலனைக் கொண்டுவரலாம்.

கோதுமையில் உள்ள பசையம் அரிசியில் கிடையாது. அரிசி மாவைப் பிடித்து வைப்பது வெந்த மாவுச்சத்து மட்டும்தான். அரிசி வகையைப் பொறுத்துச் சுமார் 65 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் ஊற்றினாலோ, குளிர்ந்த மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாலோ மாவின் சூடு அந்த அளவைத் தொடாது. பாதி மாவு பச்சையாகவே நிற்கும். அது பிறகு ஆவியில் வேகும்போது பக்கத்தில் உள்ள ஈரத்தை இழுக்கும், அங்கேதான் விரிசல் விழுகிறது.

ஆகையால் தண்ணீரை மாவில் ஊற்றாதீர்கள். மாவைத் தண்ணீரில் கொட்டுங்கள். ஒன்றேகால் கப் தண்ணீரில் உப்பும் 2 டீஸ்பூன் எண்ணெயும் போட்டு நன்றாகக் கொதிக்கும்போது தீயைச் சிறிதாக்கி, 1 கப் மாவை ஒரே தடவையில் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். வறட்சியான இடம் தெரியாமல் போனதும் அடுப்பை அணைத்து, இறுக்கமான மூடி போட்டு 10 நிமிடம் அப்படியே விடுங்கள். உள்சூட்டிலேயே மாவு வெந்துவிடும். மகாராஷ்டிரத்தில் 'உகடீச்சே மோதக்' செய்வதும் இதே வழிதான். அவர்கள் எண்ணெய்க்குப் பதில் நெய் விடுவார்கள், ஆம்பேமோஹர் போன்ற வாசனை அரிசியின் மாவை எடுப்பார்கள். அந்த மெல்லிய மடிப்புகள் உடையாமல் நிற்பதற்குக் காரணம் மூடி வைக்கும் அந்தச் சில நிமிடங்களும் பிறகு சூட்டோடு அழுத்திப் பிசைவதும்தான்.

பக்கத்தில் இன்னொரு கால் கப் வெந்நீரைக் கொதிநிலையில் வைத்திருங்கள். புது அரிசி மாவுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், பழைய அரிசி மாவு கூடுதலாகக் குடிக்கும். எந்த அளவும் உங்கள் மாவுக்கு அப்படியே பொருந்தாது. பிசையும்போது வறண்டால் அந்த வெந்நீரைத்தான் தொட்டுக்கொள்ள வேண்டும், குழாய்த் தண்ணீரை அல்ல. அதையும் மீறி விரிசல் விட்டால், மாவை நான்கைந்து கட்டிகளாகப் பிய்த்து இட்லித் தட்டில் வைத்து 4 நிமிடம் ஆவி காட்டிவிட்டு மறுபடி பிசையுங்கள். கைவிட்ட மாவுகூட இதில் திரும்பிவிடும்.

மாறாக மாவு தளர்ந்து கையில் ஒட்டினால் பச்சை மாவைத் தூவிப் பிசையாதீர்கள். சேர்த்த அந்தப் பச்சை மாவு வெடிப்பைத்தான் கொண்டுவரும். வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மாவைத் திரும்பப் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம் கிண்டினால் மிகுதி ஈரம் போய்விடும்.

சோதனைக்கு ஒரு வழி இருக்கிறது. 21-ஐயும் பிடித்துவிட்டுக் காத்திருக்காமல், பூரணம் இல்லாமல் ஒரு சின்ன சொப்பை மட்டும் முதலில் 5 நிமிடம் வேகவையுங்கள். விரிசல் கண்டால் மாவுக்கு வெந்நீர் வேண்டும். தொய்ந்து தட்டையானால் இன்னும் கிண்ட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

விறைப்பதைப் பற்றி: வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். அது அரிசியின் குணம், முற்றிலும் தடுக்க முடியாது. தண்ணீர் குறைந்த மாவு சீக்கிரம் இறுகும், காற்றுப் படும்படி வைத்தால் இன்னும் சீக்கிரம். இறுகல் மிக வேகமாக நடக்கும் இடம் பிரிட்ஜ். எனவே படைக்கும் வரை மூடிய பாத்திரத்தில், மேலே ஈரத்துணியோ வாழையிலையோ போட்டு வெளியிலேயே வையுங்கள். மிஞ்சியதை மட்டும் பிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது 4, 5 நிமிடம் ஆவி காட்டினால் பழைய மென்மை வந்துவிடும்.

மைதா ஒரு ஸ்பூன் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். வெடிப்பு குறையும் என்பது உண்மை, ஆனால் வெந்த பின் ரப்பர் போல இழுக்கும், அரிசியின் வாசனையும் மட்டுப்படும். எனக்கு அதில் சம்மதமில்லை. தண்ணீரில் பாதிக்குப் பால் விட்டால் நிறம் பால் வெள்ளையாக வரும், மேல்மாவும் மிருதுவாக இருக்கும். ஆனால் சீக்கிரம் கெடும். காலையில் செய்து மதியத்துக்குள் தீர்வதானால் தாராளமாக விடலாம்.

வெல்லக்கட்டி:

மேல்மாவைப் பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். பூரணத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் உச்சி பிளப்பதில் பாதிக் குற்றம் பூரணத்துடையது.

21 கொழுக்கட்டைக்கு ஒரு நடுத்தர முழுத் தேங்காய், அதாவது சுமார் 2 கப் துருவல், பொடித்த வெல்லம் 1 கப், தண்ணீர் கால் கப், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், நெய் 1 டீஸ்பூன். தேங்காய் முற்றியதாக இருக்கட்டும். இளசில் தண்ணீர் அதிகம், பூரணம் இறுகவே இறுகாது. ஓட்டை ஒட்டிய பழுப்புப் பகுதி வரை சுரண்டாமல் வெள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெல்லத்தை நேராகத் தேங்காயோடு போடாதீர்கள். கால் கப் தண்ணீரில் கரையவிட்டு, துணியிலோ சன்ன வடிகட்டியிலோ வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல வெல்லத்திலும் மண் இருக்கும், பூரணத்தில் ஒரு மணல் பல்லில் பட்டால் அத்தனை உழைப்பும் வீண். வடிகட்டுமுன் கரைசலை நாக்கில் தொட்டுப் பாருங்கள், சில வெல்லம் உப்புக் கரிக்கும். கரித்தால் வேறு வெல்லம் எடுப்பதைத் தவிர வழியில்லை.

வடிகட்டிய பாகு கொதித்து நுரை பெரிதாகக் கிளம்பும்போது துருவலைப் போட்டு, நடுத்தரத் தீயில் கிளறுங்கள். கம்பிப் பதமெல்லாம் பார்க்க வேண்டாம். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் பாகு ஓடி வந்து சேரக்கூடாது. ஒரு துளி எடுத்து ஆற்றி உருட்டினால் மெத்தென்று உருண்டையாக நிற்க வேண்டும். அந்த நொடியில் நெய்யும் ஏலக்காயும் சேர்த்து இறக்கிவிடுங்கள். சூட்டில் தளர்வாகத் தெரிவது ஆறினால் கெட்டிப்படும். வாணலியிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் தேங்காய் பர்பிதான் கிடைக்கும், கடிக்கும்போது சொப்பு ஒரு பக்கம் பூரணம் ஒரு பக்கமாகப் பிரியும். அப்படி இறுகிவிட்டால் ஒரு மேசைக்கரண்டி பால் தெளித்துச் சிறு தீயில் ஒரு நிமிடம் புரட்டலாம். தளர்ந்திருந்தால் வறுத்த அரிசி மாவு ஒரு டீஸ்பூன் தூவிக் கிளறலாம். பொட்டுக்கடலைப் பொடியும் சரிதான், ஆனால் சுவை மாறும்.

ஒழுகுவதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. பூரணத்தைச் சூடாக வைத்து மூடுவது ஒன்று. இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: பூரணம் உருட்டிய கையோடு சொப்பை மூடுவது. ஓரத்தில் ஒரு துளி பாகோ நெய்யோ பட்டாலும் மாவு மாவோடு ஒட்டாது. மூடியது போலத் தெரியும், ஆவியில் திறந்துகொள்ளும். எனவே பூரணத்தை முதலிலேயே 21 சிறு உருண்டைகளாக, பெரிய நெல்லிக்காய்க்குச் சற்றுக் குறைவாக உருட்டி வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு மாவுக்கு வாருங்கள்.

மூடிய கொழுக்கட்டையை வேகவைக்காமல் நெடுநேரம் காத்திருக்க வைக்கவும் கூடாது. வெல்லம் மாவிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளேயே நீர் விடும். ஏழு, எட்டு பிடித்ததும் ஓர் ஈடு வைத்துவிடுங்கள்.

ராத்திரி என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். பூரணத்தைத் தாராளமாகச் செய்து உருட்டிப் பிரிட்ஜில் வைக்கலாம். இரண்டு நாளானாலும் கெடாது. காலையில் முதல் வேலையாக வெளியே எடுத்துவிடுங்கள், குளிர்ந்த உருண்டையை வைத்தால் மாவு வேகும் நேரம் கணக்குத் தப்பும். அரிசியை அரைத்து, மாவைக் கரைக்காமல் கெட்டியாகப் பிரிட்ஜில் வைக்கலாம். கிண்டிய மேல்மாவை மட்டும் ராத்திரியே செய்யக்கூடாது.

கடலைப்பருப்புப் பூரணம் செய்வதானால் ஒரு கப் பருப்பை 1 மணி நேரம் ஊறவைத்து, விரலால் நசுக்கினால் நசுங்கும் அளவுக்கு மட்டும் வேகவையுங்கள். குழைந்துவிட்டால் ஈரம் போகாது. தண்ணீரை ஒட்ட வடித்து (அந்தத் தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்) ஆறியபின் அரைத்து, வெல்லம் 1 கப், தேங்காய் கால் கப் சேர்த்துச் சுருளக் கிளறுங்கள். நேரமே இல்லை என்றால் எள்ளுப் பூரணம்தான் சுலபம். கருப்பு எள்ளைக் கழுவிப் படபடவென்று பொரியும் வரை வறுத்து, ஆறியதும் சம அளவு வெல்லத்தோடு மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். இதில் பாகும் இல்லை, ஒழுகலும் இல்லை.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்தில நாங்கள் செய்யிற முறை கொஞ்சம் வேறை, வெடிப்புக் குறைவு எண்டபடியால் சொல்லுறன். வறுத்த அரிசிமா 2 பங்கு, அவிச்சு அரிச்ச கோதுமைமா 1 பங்கு. ரெண்டையும் கலந்து, அளவா உப்புப் போட்டு, கொதிதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு அகப்பைக் காம்பால கிண்டிக் குழைக்கவேணும். மா ரெண்டும் முதலே சூடு கண்டதாலை இப்பிடி விட்டாலும் பிழைக்காது. சிவப்பரிசி மா எண்டால் ருசி கூட.

உள்ளுக்கு வைக்கிறது பாசிப்பயறு. பயறை வாசம் வர வறுத்து, உடைச்சுக் கோது நீக்கி, முத்து முத்தா இருக்கிற பதத்தில அவிக்கவேணும், களியாகக் கூடாது. 1 கப் பயறுக்கு 1 கப் சர்க்கரை, அரைக் கப் தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்), ஏலம். நீங்கள் வெல்லம் எண்டுறதைத்தான் நாங்கள் சர்க்கரை எண்டுறது. பயறு ஈரத்தை உறிஞ்சி வைச்சிருக்கும், அதாலை பாகு வெளியில வராது. குவிச்சுப் பிடிச்சால் மோதகம், பிறை மாதிரி மடிச்சு ஓரத்தை நுள்ளினால் கொழுக்கட்டை. பிள்ளைக்குப் பல்லு முளைக்கேக்க செய்யிற பல்லுக்கொழுக்கட்டைக்கு அந்த ஓரத்தில தேங்காய்ச் சொட்டைப் பல்லுமாதிரிக் குத்தி வைப்பினம்.

புதுக்குடித்தனம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இடியாப்ப மாவு வாங்கிவிட்டேன், ஆனால் கிண்டும் முறையில்தான் செய்யப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். அச்சில் போட்டால் வேகமாக முடியுமா? வேகவைக்கும் நேரம் எவ்வளவு? 10 நிமிடம், 15 நிமிடம், 20 நிமிடம் என்று ஒவ்வொரு குறிப்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

மடப்பள்ளி:

20 நிமிடமெல்லாம் அதிகம். மேல்மாவு ஏற்கனவே வெந்தது, பூரணமும் வெந்தது. ஆவியில் நடப்பது இரண்டும் ஒட்டிப் பளபளப்பாவது மட்டுமே. தண்ணீர் கொதித்து ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகு தட்டை வைத்து, கிண்டிய மாவுக்கு 8 நிமிடம், பாக்கெட் மாவுக்கு 10 நிமிடம். அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் வெல்லம் இளகித் தோலைத் தள்ளும், நல்ல கொழுக்கட்டையும் பிளக்கும். தட்டில் எண்ணெய் தடவி, ஒன்றோடொன்று தொடாமல் விரலிடை விட்டு வையுங்கள். மூடியின் உள்பக்கம் ஒரு துணி கட்டிவிட்டால் ஆவி நீர் மேலே சொட்டாது. சொட்டிய இடம் கொழகொழத்துப்போகும்.

காவிரிக்கரை:

அச்சு வேகம்தான், ஆனால் அச்சுக்கு மாவு ஒரு சுற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். அந்தக் கெட்டி மாவு சீக்கிரம் விறைக்கும். 21-க்குக் கையே போதும். அச்சுதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் உள்ளே எண்ணெய் தடவி, மூடிய அச்சுக்குள் மாவைச் சுற்றுச்சுவரோடு அழுத்தி நடுவில் குழி செய்து, பூரணம் வைத்து, அடியைத் தனி மாவால் அடையுங்கள். அடி மெலிதாக இருந்தால் அங்கேதான் கிழியும்.

வெந்ததும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அடுப்பை அணைத்து மூடியைத் திறந்து, குளிர்ந்த தண்ணீரைக் கையால் லேசாகத் தெளித்து 3 நிமிடம் விட்டால் மேலே உள்ள ஒட்டல் நீங்கி மினுங்கும், தட்டிலிருந்தும் தானாகவே விடும். தொட்டுப் பார்க்கும் விரலும் ஈரமாக இருக்கட்டும். மீந்த மேல்மாவை வீணாக்க வேண்டாம். சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி அதே ஆவியில் வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்துப் புரட்டினால் மணிக் கொழுக்கட்டை ஆயிற்று.